மாயர்கள் அழிந்துபோனார்கள் என்று சொன்னேன்

அந்த வசனத்தை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற வயது. பாடசாலையில் மாயா நாகரிகத்தைப் பற்றி வகுப்புக்கு முன்னால் நின்று பேசச் சொல்லியிருந்தார்கள். கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்து, காட்போட் பெட்டிகளை வெட்டி ஒட்டி, படி வைத்த கோபுரம் ஒன்று செய்தோம். ஊரில் நான் உயர்தரத்துக்குச் சரித்திரம் படித்தவன். பல்கலைக்கழகம் போக வேண்டிய வருடத்தில் நாட்டை விட்டே வெளிக்கிட வேண்டி வந்தது. இருந்தாலும் சரித்திரம் என்றால் எனக்கு உள்ளுக்குள் ஒரு திமிர் இன்னும் இருந்தது.

“முதல் வசனத்திலேயே ஆக்கள் நிமிர்ந்து பார்க்கோணும்,” என்றேன். “இப்பிடித் துவங்கு. ஆயிரம் வருசத்துக்கு முன்னம் ஒரு பெரிய சனக்கூட்டம் காட்டுக்குள்ள அப்பிடியே மறைஞ்சு போச்சுது.”

“எல்லாருமா அப்பா?”

“ஓம். ஒருத்தரும் மிஞ்சேல்லை.”

அவள் அதை அழகான பிரெஞ்சில் எழுதிப் பாடமாக்கினாள். ஆசிரியை பாராட்டினாராம். கோபுரம் வீட்டுக்குத் திரும்பி வந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் ஏறி உட்கார்ந்தது.

நான் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறேன். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவது, புரட்டிப் படுக்க வைப்பது, கழுவி உடுப்பு மாற்றுவது. இங்கே அந்த வேலைக்கு ப்ரெபோஸே என்று பெயர். விபத்தில் அடிபட்டவர்களை வைக்கிற மாடியில் எனக்குப் பல வருடமாகப் பகல் வேலை. அதே மாடியைத் துப்பரவு செய்கிற பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். என் தோளுக்குக் கீழேதான் வருவாள். குவாத்தமாலாவிலிருந்து வந்தவள் என்று தெரியும். ஸ்பானிஷ்காரி என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு நானும் அவளும் ஒரே மேசை. நான் புட்டு கொண்டுபோவேன். அவள் சோள மாவைச் சோள மடலில் சுற்றி அவித்துக் கொண்டுவருவாள். எட்டு வருடமாக மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறோம். இருவரும் பேசுவது உடைந்த பிரெஞ்சு. அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அந்த வருட இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, மழை பெய்து வழுக்கிய வீதியில், தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த வான் ஒன்று புரண்டுவிட்டது. நகரத்துக்குத் தெற்கே முட்டைக்கோவா பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். அடிபட்டவர்களை வேறு வேறு மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எங்களிடம் ஒருவன் வந்தான். இருபத்துநாலு வயது. தொடை எலும்பு முறிந்திருந்தது. தலையிலும் அடி. ஸ்கானில் மூளையில் சின்னதாக ஒரு கன்றல் தெரிந்தது என்றார்கள். அவனுடைய போன் வானுக்குள் நொறுங்கிப் போயிருந்தது. தோட்டத்து மேலாள் தொலைபேசியில் சொன்னது இரண்டே விசயம்: குவாத்தமாலா, ஸ்பானிஷ்.

அன்றைக்கே தொலைபேசியில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். டொக்டர் கேட்பார், அந்தக் குரல் ஸ்பானிஷில் கேட்கும், அவன் “ஸீ” என்பான். ஆம் என்று அர்த்தம். நோகிறதா? ஸீ. சத்திரசிகிச்சைக்குச் சம்மதமா? ஸீ. எல்லாம் விளங்குகிறதா? ஸீ. காலுக்குள் உலோகக் கம்பி வைத்துப் பூட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை மயக்கம் முழுதாகத் தெளிந்த பிறகு அவன் பேசத் தொடங்கினான். நிறையப் பேசினான். ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. “வாட்ஸ்” என்பது போல என் காதில் விழுந்தது. அதைச் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான். ஒரு தாதி, அவன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறான் என்று நினைத்து ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் மொழிபெயர்ப்பாளரை எடுத்துப் போனை அவன் காதருகே பிடித்தார்கள். அந்தக் குரல் கொஞ்சநேரம் கேட்டுவிட்டுச் சொன்னது: “இது ஸ்பானிஷ் இல்லை. சொற்கள் குழம்பியிருக்கின்றன. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.”

தலையில் அடிபட்டால் சிலருக்குப் பேச்சு இப்படிக் கலைந்துபோகும். நானே பலரைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் கதிரை என்பார்கள், இல்லாத சொற்களைச் சொல்லுவார்கள். இவனுக்கும் அதுதான் என்று எழுதிவைத்தார்கள். பேச்சுப் பயிற்சி நிபுணருக்கும் மனநல டொக்டருக்கும் கடிதம் போனது.

புதன்கிழமை காலையில் அவன் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தான். கம்பி வைத்த காலோடு. சேலைன் குழாயைப் பிடுங்கி எறிந்தான். கதவுப் பக்கம் கையைக் காட்டி அதே சொல்லைக் கத்தினான். விழுந்தால் கால் போய்விடும். டொக்டர் எழுதிக் கொடுத்தார். மெத்தென்ற பட்டிகளைக் கொண்டுபோய் அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் கட்டிலோடு கட்டியவன் நான்.

அவனுக்குப் பலம் இருந்தது. ஆனால் என்னை அடிக்கவில்லை. கட்டி முடித்ததும் என் முகத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, நிறுத்தி நிறுத்தி ஒரு வசனம் சொன்னான். நான், “பொறு தம்பி, பொறு, சுகம் வரும்,” என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

வியாழக்கிழமை துப்பரவு செய்கிற அந்தப் பெண் லீவு முடிந்து வேலைக்கு வந்தாள். நான் அவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் வாளி வண்டியைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் கட்டிலுக்குக் கீழே குனிந்து துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். துடைப்பக் கட்டை நிலத்தில் விழுந்தது. நிமிர்ந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் ஏதோ சொன்னாள்.

நான் எட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து கேட்டிராத சத்தங்கள். தொண்டைக்குள் சின்னச் சின்னதாக வெடித்து வருகிற சொற்கள்.

அவன் தலையைத் திருப்பினான். பிறகு, அணை உடைந்ததைப் போல, மூச்சு விடாமல் பேசினான். அவள் பதில் சொன்னாள். அவன் அழுதுகொண்டே பேசினான். நான் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் நேரே எதிர்கொள்ள முடியாது.

“ஏன் இவனைக் கட்டி வைச்சிருக்கிறியள்?”

“இவனுக்கு மூளை குழம்பிப் போச்சு. பேச்சு சரியில்லை…”

“இவன் வடிவாக் கதைக்கிறான். என்னைவிடச் சுத்தமாக் கதைக்கிறான். இது எங்கட பாசை. கீச்சே.”

“கீச்சேயோ? அது ஸ்பானிஷில ஒரு விதமோ?”

“ஸ்பானிஷுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது மாயா பாசை. நாங்கள் மாயா ஆக்கள்.”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெட்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். நான் சொன்னேன்: “மாயா ஆக்கள் எல்லாரும் அழிஞ்சு போச்சினமே?”

அவள் கோபப்படவில்லை. “எப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

“சரி, இவன் என்ன கேக்கிறான்? அந்த ‘வாட்ஸ்’ எண்டது என்ன?”

“என்ர அண்ணன் எண்டு அர்த்தம். தம்பிக்கு வேற சொல். பிரெஞ்சில ரெண்டுக்கும் ஒரே சொல்தானே, எங்களுக்கு அப்பிடி இல்லை. இவன்ர அண்ணனும் அந்த வானில வந்தவராம். அண்ணன் எங்க, அண்ணன் எங்க எண்டு மூண்டு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.”

எங்கள் பாசையிலும் அப்படித்தான். அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல். அந்த நேரத்தில் எனக்கு ஏன் அது மண்டையில் அடித்தது என்று தெரியவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். நேற்று அவன் என் முகத்துக்குக் கிட்ட வந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டது, என் அண்ணன் எங்கே என்று.

ஓடிப்போய்த் தலைமைத் தாதியிடம் சொன்னேன். அவர் நல்ல மனுசி. உடனே கொம்பியூட்டரில் அவனுடைய பதிவைத் திறந்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் வெளிறியது. திரையை என் பக்கம் திருப்பினார். திங்கட்கிழமை மாலையில் எழுதப்பட்ட குறிப்பு அது. அண்ணன் அந்த விபத்திலேயே, அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். செய்தி மொழிபெயர்ப்பாளர் மூலம் நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டது. விளங்கியதா என்று கேட்கப்பட்டது. ஆம் என்று பதில் சொன்னார். அமைதியாக இருந்தார்.

ஸீ என்று சொல்லியிருக்கிறான்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம். “நான்தான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்,” என்றார் தலைமைத் தாதி. “அழவே இல்லை எண்டு நினைச்சன். சிலர் அப்பிடித்தானே எண்டு நினைச்சன்.”

டொக்டர் வந்தார். துப்பரவு செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு, அவனுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல முடியுமா என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். இது அவளுடைய வேலை இல்லை, மறுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது என்றும் சொன்னார்.

அவள் கையுறைகளைக் கழற்றினாள். “சொல்லுறன். ஆனால் முதல்ல அவன்ர கையை அவிழ்த்து விடுங்கோ. கட்டி வைச்சுக்கொண்டு நான் சொல்ல மாட்டன்.”

நானே அவிழ்த்தேன். மணிக்கட்டுகளில் சிவந்த கோடுகள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எந்த மொழியில் கேட்பது?

அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்து, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். மூன்று நான்கு வசனம்தான். அவன் கத்தவில்லை. நிறைய நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டான். அவள் தன் போனை எடுத்து எதையோ தேடினாள். திரையைப் பார்த்து ஒரு எண்ணும் ஒரு பெயரும் சொன்னாள். அவன் தலையாட்டினான். அதன் பிறகுதான் அழுதான்.

வெளியே வந்ததும் கேட்டேன், அவன் என்ன கேட்டான் என்று.

“அண்ணன் செத்தது என்ன நாள் எண்டு கேட்டவன்.”

“திங்கட்கிழமை.”

“அது உங்கட நாள். எங்கட கணக்கில என்ன நாள் எண்டு கேட்டவன். இருபது நாள் பேர் இருக்கு, பதின்மூண்டு எண் இருக்கு. ரெண்டும் சேந்து சுத்தும். அந்த நாளைப் பாத்துத்தான் ஊரில சடங்கு செய்வினம்.”

அவள் போனை என்னிடம் நீட்டினாள். சின்னச் சின்னச் சித்திர எழுத்துகளோடு ஒரு நாட்காட்டி. என் மகளுடைய காட்போட் கோபுரத்தின் பக்கங்களில் நானும் அவளும் இதே எழுத்துகளைத்தான் கறுப்புப் பேனாவால் வரைந்திருந்தோம், செத்த மனுசருடைய செத்த எழுத்து என்று நினைத்துக்கொண்டு. இங்கே அது ஒரு துப்பரவுத் தொழிலாளியின் போனில், ஒரு தம்பிக்குத் தன் அண்ணன் இறந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். வழமையாகப் பிரெஞ்சில் பதில் சொல்பவள் அன்று தமிழில் கேட்டாள்.

“ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு நீங்கள்தானே அப்பா சொன்னீங்கள்?”

“பிழை விட்டிட்டன், பிள்ளை.”

“நான் முழு வகுப்புக்கும் முன்னால நிண்டு சொன்னனான். எல்லாரும் கை தட்டினவை.”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் பெரியவர்களுக்கான பகுதியிலிருந்து நான்கு தடித்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் வாசித்தேன். சரித்திரம் படித்தவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான், ஐம்பது வயது தாண்டி முதல்முறையாக அதை வாசித்தேன்.

முதலில் இருந்தவை கிராமங்கள். மூவாயிரம் வருடங்களுக்கும் முன்பே சோளமும் அவரையும் பூசணியும் போட்டு, மண்ணும் ஓலையும் கொண்டு வீடு கட்டி இருந்த சனங்கள். சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் அவித்து அரைத்தால்தான் அதன் சத்து உடம்பில் சேரும் என்று அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நான் எட்டு வருடமாக மேசையில் வாங்கிச் சாப்பிட்டது அதே மாவைத்தான். கிராமங்கள் வளர்ந்து காட்டுக்கு நடுவே கல் நகரங்களாகின. அரசர்கள், கோயில்கள், மழைநீரைத் தேக்கிய பெரிய குளங்கள், வெள்ளியின் நடமாட்டத்தைக் கணித்த வானசாத்திரிகள். ஒரு பக்கத்தைக் காட்டி மகள் கத்தினாள். “அப்பா, இஞ்ச பாருங்கோ. இவைக்கும் பூச்சியம் இருந்திருக்கு. சிப்பி மாதிரிக் கீறியிருக்கினம்.” பூச்சியம் இந்தியாவில் மட்டும்தான் பிறந்தது என்று நான் அவளுக்குப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அதுவும் போயிற்று.

மறைந்து போன கதைக்கும் பதில் அந்தப் புத்தகங்களில் இருந்தது. மழை பொய்த்தது, அரசர்கள் ஓயாமல் சண்டை பிடித்தார்கள், மக்கள் அரசர்களையும் நகரங்களையும் கைவிட்டு நடந்தார்கள். தெற்கில் காட்டு நகரங்கள் வெறித்துப் போக, வடக்கிலும் மலைகளிலும் வேறு நகரங்கள் எழுந்தன. கைவிட்டுப் போனது நகரங்களை. சனங்கள் எங்கும் போகவில்லை. ஒரு ஊர் வெறுமையாகிவிட்டது என்பதற்காக அந்த ஊர்ச் சனம் அழிந்துபோனது என்று எப்படிச் சொல்ல முடியும்? என்னைப் போல ஊரை விட்டு வந்த ஒருவனுக்கு இது தானாக விளங்கியிருக்க வேண்டும்.

பிறகு ஸ்பானியர்கள் வந்தார்கள். ஒரு பாதிரியார் மாயர்களின் புத்தகங்களை ஊர்ச் சந்தியில் குவித்துக் கொளுத்தியதை வாசித்தபோது என் மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். மரப்பட்டைத் தாளில் எழுதி மடித்து வைத்த நூல்கள். எத்தனை எரிந்தன என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு முழு உலகத்திலும் இருப்பவை நான்கே நான்கு.

“வெறும் புத்தகத்தை ஏனப்பா எரிக்கிறது?”

ஊரில் எங்கள் நகரத்து நூலகத்தை எரித்தபோது நான் அவளைவிடச் சின்னவன். அடுத்த நாள் காற்றில் பறந்து வந்த கறுத்த தாள் துண்டுகளை முற்றத்தில் பொறுக்கியது நினைவிருக்கிறது. அதை அவளுக்கு அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

வேலைத்தலத்தில், சாப்பாட்டு மேசையில், புத்தகத்தில் வாசித்ததை அந்தத் துப்பரவுப் பெண்ணிடம் கேட்பேன். எரித்த புத்தகங்களைப் பற்றிக் கேட்டபோது தோளைக் குலுக்கினாள். “அது பழசு. எனக்குத் தெரிஞ்சது புதுசு.”

புதியதை அவள் பல மதியங்களில், சாப்பிட்டுக்கொண்டே, துண்டு துண்டாகச் சொன்னாள். அவளுடைய பாட்டன்மாரைக் கடலோரக் கோப்பித் தோட்டங்களுக்குக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோனது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, நாற்பது வருடங்களுக்கு முன்னர், இராணுவம் ஊருக்குள் வந்தது. ஆண்களைத் தேவாலயத்துக்கு முன்னால் வரச் சொன்னார்கள். அவளும் தாயும் சோளத் தோட்டத்துக்குள் படுத்துக் கிடந்தார்கள். வீடுகள் எரிந்தன. தகப்பன் திரும்பி வரவில்லை. தாயும் மகளும் நடந்தே எல்லை கடந்து மெக்சிகோவுக்குப் போனார்கள்.

“போற வழியில அம்மா எனக்கு நெய்த சட்டையைக் கழற்றிப்போட்டு வேற உடுப்புப் போட்டு விட்டவ. இனி எங்கட பாசை ஒரு சொல்லும் வாயில வரக்கூடாது எண்டு சொன்னவ. பாசை கேட்டால் ஆள் ஆர் எண்டு தெரியும். தெரிஞ்சால் சுடுவாங்கள். அதோட சீருடை போட்ட ஆர் என்ன கேட்டாலும் ஸீ எண்டு சொல் எண்டவ. இவனுக்கும் ஆரோ அப்பிடித்தான் சொல்லிக் குடுத்திருப்பினம்.”

“இஞ்ச கனடாவுக்கு வந்த பிறகும் ஏன் நீர் சொல்லேல்லை? எட்டு வருசம்…”

“நீர் கேட்கேல்லையே. ஸ்பானிஷ் எண்டால் எல்லாருக்கும் விளங்குது. மாயா எண்டு சொன்னால் என்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும்.” சிரித்தாள். “நீர் சொன்னதைத்தான் சொல்லுவினம்.”

கொழும்பில் பஸ்ஸில் போகும்போது ஒரு சொல் தமிழ் பேசாமல் நானும் என் அக்காவும் சோதனைச்சாவடி வரை ஊமைகளாக இருந்த நாட்களைச் சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்திக் கேட்டாள். “அப்ப நீரும் ஸ்ரீலங்கா எண்டு மட்டும்தானே எனக்குச் சொன்னீர்,” என்றாள். அதுவும் உண்மைதான்.

ஒரு நாள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். மலைக் கிராமம் ஒன்றில் வரிசையாக மேசை போட்டு, மேலே சிறிய மரப்பெட்டிகள். புதைகுழிகளைத் தோண்டி எடுத்த எலும்புகளைச் சோதித்து யார் யாருடையது என்று கண்டுபிடித்து, குடும்பங்களிடம் கையளிக்கிறார்கள். நெய்த உடுப்புப் போட்ட முதிய பெண் ஒருத்தி ஒரு பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அது என்ர அம்மா. போரெல்லாம் முடிஞ்ச பிறகு ஊருக்குத் திரும்பிப் போயிட்டா. பெட்டிக்குள்ள இருக்கிறது அப்பா. முப்பது வருசத்துக்குப் பிறகு கிடைச்சவர்.”

பெட்டி ஒரு சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான். அவள் போனை வைத்துவிட்டு மீதிச் சோள உருண்டையைச் சாப்பிட்டு முடித்தாள்.

காலில் அடிபட்டவன் ஐந்து வாரம் எங்கள் மாடியில் இருந்தான். மூளையில் அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை என்று எழுதினார்கள். பதிவில் மொழியை மாற்றப் போனபோது கொம்பியூட்டரில் நீண்ட பட்டியல் வந்தது. தமிழ் இருந்தது. கீச்சே இல்லை. தலைமைத் தாதி ‘வேறு’ என்பதை அழுத்தி, கையால் எழுதிய தாள் ஒன்றைக் கட்டிலின் மேல் ஒட்டினார்: இவர் கீச்சே பேசுவார். ஸீ என்றால் சம்மதம் என்று எடுக்க வேண்டாம்.

அண்ணனுடைய உடலை விமானத்தில் அனுப்பினார்கள். இவனால் கூடப் போக முடியவில்லை. ஊரில் அடக்கம் நடந்தபோது துப்பரவுப் பெண் தன் போனில் வீடியோ அழைப்பு எடுத்து அவனுக்குக் கொடுத்தாள். மதிய நேரம். ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் தாயோடு பேசினான், பெட்டியைப் பார்த்தான், ஊதுபத்திப் புகையைப் பார்த்தான். அந்த ஒரு மணித்தியாலம் நான் கதவுக்கு வெளியே நின்று யாரையும் உள்ளே விடவில்லை.

அடுத்த நாள், அவளைக் கூட வைத்துக்கொண்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கையைக் கட்டியதற்காக. அவள் மொழிபெயர்த்தாள். அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என்னவோ சொன்னான்.

“கட்டினதுக்குக் கோவம் இல்லையாம்,” என்றாள். “விழுந்திடுவன் எண்டு பயந்தீங்கள் எண்டு தெரியுமாம். ஆனால் தன்னை விசரன் எண்டு நினைச்சீங்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாம்.”



அவன் ஊன்றுகோலோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். மகள் தன் ஆசிரியையிடம் போய், தான் சொன்னது பிழை, திருத்த வேண்டும் என்று கேட்டு, வகுப்புக்கு முன்னால் மறுபடி நின்று பேசினாள். அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முப்பது வரையான மாயா மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன, அப்பாவோடு ஒருவர் வேலை செய்கிறார் என்று சொன்னாளாம். அந்தப் பெண்ணை வகுப்புக்குக் கூட்டிவர முடியுமா என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். நான் அவளிடம் கேட்டேன். “பார்வைப் பொருளா வந்து நிக்க எனக்கு விருப்பமில்லை,” என்றாள். “உம்மட மகளை எங்கட வீட்டை வரச் சொல்லும். சோறு போட்டுக் கதைக்கிறன்.” மகள் போனாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது.

பனிக்காலம் முடிகிற நேரம், ஒரு முற்பகல், டவுன்டவுனில் இருக்கிற வேறொரு மருத்துவமனையிலிருந்து எங்கள் தலைமைத் தாதிக்கு அழைப்பு வந்தது. பிள்ளை பெற வந்த ஒரு பெண், குவாத்தமாலா, ஸ்பானிஷில் எது கேட்டாலும் ஆம் என்கிறாள், உங்களிடம் யாரோ இருக்கிறார்களாமே? தலைமைத் தாதி போனை ஸ்பீக்கரில் போட்டுத் துப்பரவுத் தொழிலாளியைக் கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீச்சேயில் பேசினாள். மறுபக்கத்திலிருந்து மெல்லிய பெண்குரல் ஒன்று கேட்டது. அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

“இது எங்கட பாசை இல்லை. இது மாம். அதுவும் மாயாதான். ஆனால் எனக்கு விளங்காது.”

எங்கள் முகங்கள் தொங்கிப்போயின. அவள் ஏற்கெனவே தன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“பொறுங்கோ. புவாண்ட்-கிளேரில ஒரு களஞ்சியத்தில பெட்டி அடுக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு. மாம் கதைப்பாள். அவள் இல்லாட்டி அவளின்ர மச்சாள். மச்சாள் ஒரு ரெஸ்டோரண்டில கோப்பை கழுவுறவ.”

“நீர் எத்தனை பேரைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறீர்?” என்று கேட்டேன்.

“இந்த நகரத்திலயோ?” என்றாள். எண்ணை அழுத்தி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். முதல் கை முடிந்து, இரண்டாம் கை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தபோது மறுமுனையில் யாரோ போனை எடுத்துவிட்டார்கள். அவள் எண்ணுவதை விட்டுவிட்டு ஸ்பானிஷில் உரத்துப் பேசத் தொடங்கினாள். நான் அவளுடைய வாளி வண்டியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, அந்த மருத்துவமனைக்கு அவளும் போகத்தான் வேண்டிவரும் என்று அவளுடைய குளிர்மேலங்கியை எடுத்துவரப் போனேன்.